அறுநூறு டாலர் வீடு

கணக்கு சரியாகத்தான் இருந்தது. கேண்டிக் கிழவரிடம் சேர்த்து வைத்த 300 டாலர். மாதக் கடைசியில் அவருக்கு இன்னொரு 50 வரும். ஜார்ஜுக்கும் லென்னிக்கும் ஆளுக்கு 50 சம்பளம். ஆக 450. வீட்டின் விலை 600. இன்னும் ஒரே ஒரு மாதம் மூன்று பேரும் குடிக்காமல், டவுன் பக்கம் தலைவைத்துப் படுக்காமல் இருந்தால் மீதி 150ம் சேர்ந்துவிடும். பத்து ஏக்கர் நிலம், சின்னதாக ஒரு காற்றாலை, கோழிகள், பழமரங்கள், முயல்களுக்குப் போட அல்ஃபால்ஃபா பயிரிட ஒரு துண்டு. ஜான் ஸ்டைன்பெக்கின் ‘ஆஃப் மைஸ் அண்ட் மென்’ குறுநாவல் 1937 பிப்ரவரியில் வெளிவந்தது. அதில் இந்தக் கணக்கு கூடிவருவது ஒரு வெள்ளிக்கிழமை இரவு. ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்வதற்குள் லென்னி சுடப்பட்டுக் கிடக்கிறான். சுட்டவன் அவனுடைய ஒரே நண்பன் ஜார்ஜ்.

அது எட்டாத கனவு என்று எழுதாத விமர்சகர் இல்லை. எனக்கு அப்படித் தோன்றியதில்லை. ஒரு கூலியாளின் ஓராண்டுச் சம்பளம்தான் அதன் விலை. அவ்வளவு மலிவாகக் கிடைத்ததற்கான காரணத்தையும் ஸ்டைன்பெக் போகிறபோக்கில் சொல்லிவிடுகிறார்: நிலத்தின் சொந்தக்காரர்களான வயதான தம்பதி நொடித்துப்போயிருக்கிறார்கள், கிழவிக்கு அறுவை சிகிச்சை செய்தாக வேண்டும். ஒரு வீடு கைநழுவினால்தான் இன்னொருவர் கைக்கு வரும். அதைக் கவனித்த பிறகு முயல்களைப் பற்றிய பேச்சை முன்போல ரசித்துப் படிக்க முடிவதில்லை.

கதை நடக்கும் இடம் கலிபோர்னியாவின் சலீனாஸ் பள்ளத்தாக்கு. சோலெடாட் என்ற சிற்றூருக்குத் தெற்கே சில மைல் தள்ளி, ஒரு பக்கம் கபிலான் மலைகள், கீழே சலீனாஸ் ஆறு. ஸ்டைன்பெக் 1902இல் சலீனாஸ் நகரத்தில் பிறந்தவர். ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் சேர்வதும் நிற்பதுமாக இருந்த 1920களில், செலவுக்குப் பணமில்லாதபோது ஸ்ப்ரெக்கல்ஸ் சர்க்கரைக் கம்பெனியின் பண்ணைகளில் கூலிக்குப் போனார். 1899இல் தொடங்கப்பட்ட அந்தக் கம்பெனியின் பீட் சர்க்கரை ஆலை சலீனாஸுக்குப் பக்கத்தில் ஒரு ஊரையே உருவாக்கியிருந்தது. போர்வையை மூட்டையாகச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு பண்ணை பண்ணையாக அலையும் ஆட்களோடு தானும் வேலை செய்ததாக 1937இல் ஒரு பேட்டியில் சொன்னார். அறிவு வளர்ச்சி குன்றிய லென்னி நிஜ மனிதன் என்றும் சொன்னார். நிஜ லென்னி கொன்றது, நாவலில் வருவதுபோலப் பெண்ணை அல்ல, பண்ணை மேஸ்திரியை. மனநல விடுதியில் அடைத்து வைத்திருக்கிறார்கள் என்றார்.

எட்டுக் கட்டில் போட்ட நீளமான கொட்டகை, வெள்ளையடித்த சுவர், தலைமாட்டில் ஆணியடித்த ஆப்பிள் பெட்டி. அந்தப் பெட்டிக்குள் அடங்குவதுதான் ஓர் ஆளின் மொத்தச் சொத்து. ஜார்ஜ் உட்கார்ந்தால் சீட்டுக்கட்டை எடுத்துத் தனியாகவே ஆடுகிறான். கோவேறு கழுதைகளை ஓட்டும் ஸ்லிம்முக்கு இரண்டு பேர் சேர்ந்து ஊர்சுற்றுவதே வியப்பாக இருக்கிறது. முதலாளிக்கோ சந்தேகம். ஒருவன் இன்னொருவனுக்காக இவ்வளவு அக்கறைப்படுவானா, லென்னியின் சம்பளத்தை இவன் அமுக்கப் பார்க்கிறானா என்று கேட்டே விடுகிறார். அந்த உலகத்தில் நட்புக்கு ஒரு விளக்கம் தேவைப்பட்டது. தனியாக வந்திருந்தால் யாரும் எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள்.

பலரும் தாண்டிப் போகும் சின்னக் காட்சி ஒன்று இருக்கிறது. விட் என்ற இளம் தொழிலாளி கசங்கிய பத்திரிகை ஒன்றைக் கொண்டுவந்து ஸ்லிம்மிடம் காட்டுகிறான். மட்டரகக் கௌபாய்க் கதைகள் வரும் பத்திரிகை. அதில் வாசகர் கடிதம் எழுதியிருக்கும் ஆள், முன்பு இதே பண்ணையில் இவர்களோடு கலப்பை ஓட்டியவன். எங்கே போனான், என்ன ஆனான் என்று யாருக்கும் தெரியாது. பத்திரிகைக்கு அவன் எழுதிய பாராட்டுக் கடிதம் மட்டும் அச்சாகியிருக்கிறது. விட் அந்தப் பத்திரிகையைத் தன் பெட்டியில் பத்திரமாக வைத்துக்கொள்கிறான், யார் கையிலும் கொடுக்க மனமில்லை. லென்னி சாகும் காட்சியைவிட என்னைத் தொந்தரவு செய்வது இதுதான். கூட வேலை செய்தவன் உயிரோடு இருந்தான் என்பதற்கு மிஞ்சியது ஐந்தாறு வரி அச்சு.

மற்றவர்களின் தனிமைக்கெல்லாம் ஆளுக்கொரு காரணம் உண்டு. லாயத்தைப் பார்த்துக்கொள்ளும் குரூக்ஸ் கறுப்பர் என்பதால் கொட்டகைக்குள் நுழையக் கூடாது. சேணங்கள் தொங்கும் அறையில் படுத்துக்கொண்டு 1905ஆம் ஆண்டின் கலிபோர்னியா சிவில் சட்டப் புத்தகத்தை வைத்திருக்கிறார். இதே நிலக் கனவோடு வந்தவர்கள் நூற்றுக்கணக்கானோரைப் பார்த்தாயிற்று, ஒருவனுக்கும் கிடைத்ததில்லை என்று ஏளனம் செய்பவர், கொஞ்ச நேரத்தில் தன்னையும் சேர்த்துக்கொள்வார்களா என்று கேட்கிறார். லென்னியின் கையில் சாகப்போகிறவள் முதலாளி மகன் கர்லியின் மனைவி, அவளுக்கு நாவலில் பெயரே கிடையாது. ஹாலிவுட்டிலிருந்து வரவேண்டிய கடிதத்தை அம்மா திருடிவிட்டாள் என்று அவள் இன்னும் நம்புகிறாள். கேண்டியின் கிழட்டு நாயைக் கார்ல்சன் என்பவன் தன் லூகர் துப்பாக்கியால் சுடுகிறான், அதே துப்பாக்கி இரண்டு நாள் கழித்து ஜார்ஜின் கையில் இருக்கிறது. கேண்டிக்கு எல்லோரையும்விடப் பயம் அதிகம். பண்ணையில் ஒரு கை போய்விட்டது, நஷ்டஈடாக 250 டாலர் கொடுத்தார்கள். பெருக்கித் துடைக்க முடியாத நாள் வந்தால் தன்னை யாரும் சுடக்கூட மாட்டார்கள், துரத்தி மட்டும் விடுவார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

அந்தப் பயம் காகிதத்தில் எழுதப்பட்ட பயம். முதியோர் ஓய்வூதியத்தைக் கொண்டுவந்த 1935ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டம் விவசாயக் கூலிகளைச் சேர்க்கவில்லை. சங்கம் வைக்கும் உரிமை தந்த அதே ஆண்டின் தொழிலுறவுச் சட்டமும், குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்த 1938ஆம் ஆண்டுச் சட்டமும் அவர்களைச் சேர்க்கவில்லை. நாடு முழுக்கப் பேசப்பட்ட ‘புதிய ஒப்பந்தம்’ (நியூ டீல்) என்ற சீர்திருத்தத் திட்டம் பண்ணை வேலியோடு நின்றுவிட்டது. ஓய்வூதியத்துக்கான பிடித்தம் அமெரிக்காவில் தொடங்கியது 1937 ஜனவரியில். அடுத்த மாதம் கேண்டி அச்சுக்கு வந்தார்.

*

ஸ்டைன்பெக்கின் கொட்டகையில் யார் இல்லை என்பதையும் பார்க்க வேண்டும். பார்லி மூட்டை தூக்கும் வெள்ளைக்கார நாடோடிகளும் ஒரு கறுப்பரும்தான் இருக்கிறார்கள். ஆனால் 1930களில் பள்ளத்தாக்கின் பணப்பயிர் லெட்டூஸ். ஐஸ் போட்ட ரயில் பெட்டிகளில் நாட்டின் மறுகோடிவரை போன அந்தக் கீரையைக் குனிந்து வெட்டியவர்களில் பெரும்பங்கு பிலிப்பினோ இளைஞர்கள். 1934இல் அவர்கள் சலீனாஸில் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்களுடைய முகாம் ஒன்று கொளுத்தப்பட்டது. அதற்கு நான்கு ஆண்டு முன்னால், 1930 ஜனவரியில், பக்கத்து வாட்சன்வில்லில் வெள்ளையர் கும்பல் நடத்திய கலவரத்தில் ஃபெர்மின் டோபேரா என்ற இளைஞர் கொட்டகையில் இருந்தபடியே குண்டடிபட்டு இறந்தார். வெள்ளைக்காரப் பெண்களோடு பிலிப்பினோக்கள் நடனமாடியதுதான் கலவரத்துக்குப் பற்றவைத்த நெருப்பு. கலிபோர்னியாவில் வெள்ளையரைப் பிலிப்பினோக்கள் மணப்பதை 1933இல் சட்டமே தடுத்தது, 1948 வரை அது நீங்கவில்லை. சொந்த நாட்டுப் பெண்களோ இங்கே விரல்விட்டு எண்ணும் அளவு. ஜார்ஜின் தனிமை வழிப்போக்கனின் தனிமை, விரும்பினால் எந்த ஊரிலாவது ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு உட்காரலாம். பிலிப்பினோ தொழிலாளிகளின் தனிமைக்குச் சட்டப்பிரிவு எண் இருந்தது. கல்யாணமாகாமலே கிழவர்களான அந்தத் தலைமுறையைப் பற்றித் தெரிய வேண்டுமானால் 1946இல் வந்த கார்லோஸ் புலோசானின் ‘அமெரிக்கா இஸ் இன் தி ஹார்ட்’ நூலைத் தேட வேண்டும். ஸ்டைன்பெக்கிடம் அது கிடைக்காது.

இதைக் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. 1936இலேயே அவர் சான் பிரான்சிஸ்கோ நியூஸ் பத்திரிகைக்குப் புலம்பெயர் கூலிகளின் முகாம்களைப் பற்றி ஏழு கட்டுரைகள் எழுதியவர். யார் எங்கே வேலை செய்கிறார்கள் என்று நன்றாகத் தெரிந்தவர். இருந்தும் நாவலுக்கு அவர் தேர்ந்தெடுத்தது மறைந்துகொண்டிருந்த வகை. தானிய அறுவடை இயந்திரங்கள் வந்துகொண்டிருந்தன. மூட்டை தூக்கும் நாடோடிக் கூட்டத்துக்குக் கடைசிக் காலம். உலகப் போர் வந்ததும் ஜார்ஜ் போன்றவர்கள் பட்டாளத்துக்கோ ரிச்மண்ட் கப்பல்கட்டும் தளங்களுக்கோ போனார்கள். காலியான கட்டில்களில் 1942 முதல் மெக்சிகோ ஆண்கள் வந்து படுத்தார்கள்.

பிரசேரோ திட்டம் என்று அதற்குப் பெயர். இரு அரசாங்கங்களும் கையெழுத்திட்டு, ஆண்களை மட்டும், ஒப்பந்தத்தில் அழைத்துவரும் ஏற்பாடு. 1964 வரை 45 லட்சத்துக்கும் மேற்பட்ட ஒப்பந்தங்கள். ஆரம்ப ஆண்டுகளில் வந்தவர்களின் கூலியில் பத்தில் ஒரு பங்கைப் பிடித்துச் சேமிப்பாக மெக்சிகோ வங்கிகளுக்கு அனுப்பினார்கள். ஊர் திரும்பிய பிறகு அந்தப் பணத்தில் ஏர், கருவி வாங்கிச் சொந்த நிலத்தில் விவசாயம் செய்யலாம் என்று வாக்கு. நிலக் கனவுக்கே அரசாங்கம் உண்டியல் வைத்த கதை! பலருக்கு அந்தப் பணம் திரும்பி வரவே இல்லை. அறுபது ஆண்டு கழித்து, கிழவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் அமெரிக்க நீதிமன்றங்களில் வழக்காடிக்கொண்டிருந்தார்கள்.

1963 செப்டம்பர் 17 அன்று, சலீனாஸுக்கும் சோலெடாடுக்கும் இடையிலுள்ள சுவாலாரில், வயலிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு திரும்பிய வண்டிமேல் ரயில் மோதியது. பின்பக்கத்தில் பெஞ்சு போட்டுக் கூண்டு கட்டிய லாரி அது, பஸ் என்று சொல்லிக்கொண்டார்கள். 32 பேர் செத்தார்கள். உடல்கள் யார் யாருடையவை என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடாயிற்று. ஜார்ஜும் லென்னியும் கடந்துபோயிருக்கக்கூடிய அதே நெடுஞ்சாலைத் துண்டுக்கு இப்போது பிரசேரோக்களின் நினைவாகப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

பிறகு வந்த மாற்றங்கள் பெரியவை. 1970இல் லெட்டூஸ் வயல்களில் பெரிய வேலைநிறுத்தம். தொழிற்சங்கத் தலைவர் சீசர் சாவேஸ் சலீனாஸ் சிறையில் அடைக்கப்பட்டார். 1975இல் கலிபோர்னியா பண்ணைத் தொழிலாளருக்குச் சங்க உரிமைச் சட்டம் வந்தது. இரண்டடி நீளமும் இல்லாத கைப்பிடி போட்ட குட்டை மண்வெட்டி, நாள் முழுக்க முதுகை ஒடித்த கருவி, அதே ஆண்டு தடைசெய்யப்பட்டது. எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை செய்தால் கூடுதல் கூலி என்ற விதியும் பிற்பாடு, 2016இல் இயற்றிய சட்டத்தின்படி, படிப்படியாக வந்தது. இவற்றில் எதையும் ஸ்டைன்பெக்கின் முதலாளி கனவிலும் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்.

*

ஸ்ப்ரெக்கல்ஸ் சர்க்கரை ஆலை 1982இல் மூடியது. ஸ்டைன்பெக் கூலிக்கு நின்ற அந்த ஊரில் 2016இல் ஒரு பெரிய லெட்டூஸ் கம்பெனி தன் ஆட்கள் தங்குவதற்குக் குடியிருப்பு கட்டியது. மொத்தம் 800 பேருக்கு இடம். இரண்டு படுக்கையறை வீடு ஒவ்வொன்றிலும் எட்டுப் பேர். எட்டு! ஸ்டைன்பெக்கின் கொட்டகையிலும் எட்டுக் கட்டில்தான். இங்கே குளியலறை, சமையலறை, துவைக்கும் இயந்திரம் எல்லாம் உண்டு. ஆப்பிள் பெட்டி இல்லை. அறுவடைக் காலத்துக்காகக் குடும்பத்தை விட்டுவிட்டு வரும் ஆட்களுக்காகக் கட்டியது. ஊர்க்காரர்கள் சிலர் ஆரம்பத்தில் எதிர்த்தார்கள்.

வெளிநாட்டு விவசாயக் கூலிகளுக்கான தற்காலிக வேலை விசாவான எச்-2ஏவில் வருபவர்கள் இப்போது நாடு முழுவதும் பெருகியிருக்கிறார்கள். 1986இல் இன்றைய வடிவம் பெற்ற அந்தத் திட்டத்தில் 2005இல் சுமார் 48,000 இடங்களுக்கு அனுமதி தரப்பட்டது. 2023இல் அது 3,70,000ஐத் தாண்டியது. பெரும்பாலோர் மெக்சிகோக்காரர்கள். தங்குமிடமும் போக்குவரத்தும் முதலாளியின் பொறுப்பு. விசா அந்த ஒரு முதலாளியோடு கட்டிப்போடப்பட்டது, சண்டை போட்டுக்கொண்டு நினைத்தபடி பக்கத்துப் பண்ணைக்குப் போக முடியாது. வீட் என்ற ஊரில் வம்பில் மாட்டிக்கொண்ட ஜார்ஜும் லென்னியும் இரவோடிரவாக ஓடி வந்து சோலெடாடில் புது வேலை பிடித்தார்களே, அந்த ஓட்டம் இன்றைய ஆளுக்குக் கிடையாது. ஓடினால் சட்டவிரோதக் குடியேறி ஆகிவிடக்கூடும். ஊரிலே ஆள்பிடிப்பவருக்குக் கள்ளத்தனமாகத் தரகுப் பணம் கட்டக் கடன் வாங்கியிருந்தால், அந்த வட்டியும் பின்னாலேயே வரும். நம் தேயிலைத் தோட்டக் கங்காணிகளைப் பற்றிப் படித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆனாலும் அன்றைய தனிமையும் இன்றைய தனிமையும் ஒன்றே என்று சொன்னால் அது சோம்பேறித்தனம். விட் பெட்டியில் பத்திரப்படுத்திய பத்திரிகைக்கு இன்று வேலை இல்லை. கூட வேலை பார்த்தவன் எங்கே போனாலும் வாட்ஸ்அப்பில் இருக்கிறான். மாலை ஆனதும் ஒவ்வொரு கட்டிலிலும் ஒரு வீடியோ அழைப்பு. மகள் பள்ளிக்கூடத்தில் வாங்கிய மதிப்பெண், மாட்டுக்கு வந்த நோய், மச்சான் கேட்கும் கைமாற்று எல்லாம் அன்றன்றைக்கே வந்து சேர்கின்றன. ஜார்ஜைத் தேட உலகத்தில் யாரும் இல்லை, அதுதான் அவன் துயரம். இன்றைய ஆளைத் தேட ஒரு வீடே காத்திருக்கிறது. அவன்தான் அங்கே இல்லை. மகன் வளர்வதைத் திரையில் பார்ப்பவனை யாருமற்றவன் என்று சொல்ல முடியாது. அவனுடைய துக்கத்தை 1937ஆம் ஆண்டுக் கதை அறியாது.

நட்பும் மாறிவிட்டது. இரண்டு பேர் சேர்ந்து வந்தால் அன்று முதலாளி சந்தேகப்பட்டார். இன்று முதலாளி விரும்புவதே அதைத்தான். ஒரே ஊர்க்காரர்கள், அண்ணன் தம்பி, மாமன் மச்சான் என்று கூட்டாக வந்தால் குழு நன்றாக ஓடும். ஒருவன் முணுமுணுத்தால் அவனைச் சேர்த்துவிட்டவனுக்கும் அடுத்த சீசனில் சீட்டுக் கிழியும் என்ற பயமே காவலாக நிற்கும். வயலில் கன்வேயர் பூட்டிய இயந்திரம் மெல்ல ஊர்ந்துபோக, வெட்டுபவர்கள் அதன் வேகத்துக்கு நடக்கிறார்கள். பாட்டு ஓடும், கேலி ஓடும். அந்தத் தோழமை பொய்யல்ல. ஆனால் அதற்கும் ஒரு கயிறு கட்டியிருக்கிறது.

இந்தக் கூட்டத்துக்குள்ளும் குரூக்ஸ் இருக்கிறார். சோலெடாடுக்கு அடுத்த ஊரான கிரீன்ஃபீல்டில் மெக்சிகோவின் வஹாக்கா மலைகளிலிருந்து வந்த திரிக்கி, மிஷ்டெக் பழங்குடி மக்கள் குடியேறியிருக்கிறார்கள். பலருக்கு ஸ்பானிஷ் சரியாக வராது, ஆங்கிலம் அறவே வராது. மருத்துவமனையிலோ நீதிமன்றத்திலோ ஒரு வாக்கியம் இரண்டு பேர் வாய் மாறித்தான் அவர்களை அடைகிறது. மற்ற மெக்சிகோத் தொழிலாளிகளே அவர்களைத் தாழ்வாக நடத்துவதும் உண்டு. சேண அறை இப்போது மொழியால் கட்டப்பட்டிருக்கிறது.

கேண்டியும் இருக்கிறார், இன்னும் வினோதமான நிலையில். 1950களில் சமூகப் பாதுகாப்பு பண்ணைக் கூலிகளையும் சேர்த்துக்கொண்டது. அமெரிக்கப் பயிர்ப் பண்ணைகளில் கூலிக்கு இருப்பவர்களில் ஐந்தில் இரண்டு பேருக்கு இன்று முறையான குடியேற்ற ஆவணம் இல்லை. அவர்களில் பலர் வேறு எண்ணைக் கொடுத்து வேலையில் சேர்ந்தவர்கள், சம்பளத்தில் ஓய்வூதியப் பிடித்தம் தவறாமல் நடக்கிறது. அறுபது வயதில் முழங்கால் போன பிறகு அந்தப் பணத்தில் ஒரு காசும் கைக்கு வராது. அன்று கேண்டியை நிதியில் சேர்க்கவில்லை. இன்று சேர்த்துக்கொண்டு, அவர் போட்ட பணத்தை மற்றவர்களுக்குக் கொடுக்கிறார்கள். எது மோசம் என்று எனக்குச் சட்டென்று சொல்ல வரவில்லை.

வீடுகளின் நிலைமை எல்லா இடத்திலும் ஸ்ப்ரெக்கல்ஸ் போல இல்லை. 2023 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே ஹாஃப் மூன் பே கடற்கரை ஊரில் காளான் பண்ணைத் தொழிலாளி ஒருவர் இந்நாள், முன்னாள் சக ஊழியர்கள் ஏழு பேரைச் சுட்டுக் கொன்றார். செய்தியாளர்களும் ஆளுநரும் அங்கே போன பிறகுதான், ஆட்கள் சரக்குப் பெட்டகங்களில் குடியிருந்ததும், மணிக்கு 9 டாலர் வாங்கிக்கொண்டிருந்ததும் ஊருக்குத் தெரிந்தது. மாநிலத்தின் குறைந்தபட்சக் கூலி அப்போது 15.50.

லென்னிக்கு நேர்ந்ததைச் சொல்லாமல் போக முடியாது, அது கதையைவிட விசித்திரம். நாவல் வந்தபோது கலிபோர்னியாவில் 1909ஆம் ஆண்டின் கட்டாயக் கருத்தடைச் சட்டம் முழு வேகத்தில் இருந்தது; மாநில விடுதிகளில் சுமார் 20,000 பேர் அதற்கு ஆளானார்கள். லென்னியை விடுதியில் அடைத்துவிடுவார்கள் என்று ஜார்ஜ் பயந்ததில் மிகை இல்லை. அறிவு வளர்ச்சி குன்றியவர்களைத் தூக்கிலிடக் கூடாது என்று 2002இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. யார் அப்படிப்பட்டவர் என்று எப்படி அளப்பது? 2004இல் டெக்சஸ் மாநிலத்தின் குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பிலேயே லென்னியின் பெயரை எடுத்தது: லென்னி மாதிரி இருந்தால் மக்கள் விலக்குக்கு ஒப்புவார்கள் என்ற தோரணையில். கற்பனைப் பண்ணைக் கூலி ஒருவன் உயிரையும் சாவையும் பிரிக்கும் அளவுகோல் ஆனான். 2012இல் அந்த மாநிலத்தில் ஒரு மரணதண்டனை நிறைவேறியபோது, தன் தந்தையின் படைப்பை இதற்குப் பயன்படுத்துவதா என்று ஸ்டைன்பெக்கின் மகன் தாமஸ் வெளிப்படையாகச் சினந்தார். அந்த அளவுகோலை உச்ச நீதிமன்றம் தள்ளியது 2017இல்.

*

பண்ணைக் கூலியும் சின்ன வீடும் என்ற ஜோடியை அமெரிக்கக் கதைக்காரர்கள் விடவே இல்லை. 1997இல் ஆனி ப்ரூ எழுதிய ‘புரோக்பேக் மவுன்டன்’ சிறுகதையில் எனிஸும் ஜாக்கும் 1963ஆம் ஆண்டுக் கோடையில் வயோமிங் மலையில் ஆடு மேய்க்கிறார்கள். காதல் பிறக்கிறது. சின்னதாகப் பசுவும் கன்றும் வளர்க்கும் பண்ணை போட்டு இரண்டு பேரும் ஒன்றாக இருக்கலாம் என்பது ஜாக்கின் ஆசை. எனிஸ் மறுக்கிறான். அப்படிச் சேர்ந்து வாழ்ந்த இரண்டு பேரில் ஒருவரை என்ன செய்தார்கள் என்று சிறுவயதில் கண்ணால் பார்த்தவன் அவன். ஸ்டைன்பெக்கின் முதலாளி லேசாகக் கேட்ட சந்தேகக் கேள்வி இங்கே கொலையாக வளர்ந்து நிற்கிறது. கார்மக் மெக்கார்த்தியின் 1998ஆம் ஆண்டு நாவல் ‘சிட்டீஸ் ஆஃப் தி பிளெய்ன்’ காலத்தால் 1952இல் நிற்கிறது. ராணுவம் எடுத்துக்கொள்ளப்போகும் பண்ணையில் ஓர் இளைஞன் இடிந்த மண் வீட்டைப் பழுதுபார்க்கிறான், வரப்போகும் மனைவிக்காக. அவள் வரவில்லை.

இன்று வயோமிங், கொலராடோ மலைகளில் ஆடு மேய்ப்பவர்களில் பெரும்பாலோர் பெரு நாட்டுக்காரர்கள், அதே எச்-2ஏ விசாவில் வந்தவர்கள். ஒரு சின்ன வண்டிவீடு, ஒரு நாய், ஓர் ஆட்டுமந்தை. அடுத்த மனிதர் மைல்கணக்கில் தள்ளி. 2015இல் விதி மாறும்வரை பல மாநிலங்களில் அவர்களுக்கு மாதம் 750 டாலர்தான், இருபத்துநாலு மணி நேரமும் பொறுப்பு. அந்த ஒரு தொழிலில் மட்டும் 1937 அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

நிலக் கனவுக்கு வருகிறேன். சலீனாஸ் பள்ளத்தாக்கின் நல்ல காய்கறி நிலம் இன்று ஏக்கர் 50,000 டாலரைத் தாண்டியும் விற்கிறது. அந்த விலைக்கே வைத்துக்கொண்டாலும் பத்து ஏக்கருக்கு ஐந்து லட்சம். 2024இல் கலிபோர்னியாவில் எச்-2ஏ ஆளுக்கு நிர்ணயித்த கூலி மணிக்கு 19.75 டாலர். வாரம் 40 மணி நேரம், ஆண்டு முழுவதும் வேலை என்று தாராளமாகக் கணக்குப் போட்டாலும், சாப்பிடாமல் கொள்ளாமல் பன்னிரண்டு ஆண்டுச் சம்பளம். ஜார்ஜ் காலத்தில் பன்னிரண்டு மாதம். யாரும் அந்தக் கணக்கைப் போடுவதே இல்லை, கனவு எப்போதோ எல்லை தாண்டிப் போய்விட்டது. 2023இல் மட்டும் மெக்சிகோவுக்கு வெளிநாட்டிலிருந்து வந்த பணம் 6,300 கோடி டாலருக்கு மேல், பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்து. மிச்சோவகான், ஹாலிஸ்கோ, வஹாக்கா கிராமங்களில் அந்தப் பணம் சிமெண்டாக எழும்பியிருக்கிறது. இரண்டு மாடி, வளைவு வைத்த முகப்பு, சில இடங்களில் கலிபோர்னியா பாணியில் கார் நிறுத்த இடம்கூட. கட்டியவர் இங்கே லெட்டூஸ் வெட்டிக்கொண்டிருக்க, பல வீடுகள் ஆண்டின் பெரும்பகுதி பூட்டியே கிடக்கின்றன, அல்லது வயதான அம்மா ஓர் அறையில் மட்டும் புழங்குகிறார். ஜார்ஜின் கனவு வீடு எழும்பாமல் போயிற்று. இவர்கள் கட்டி முடித்துவிட்டார்கள், குடியிருக்கத்தான் ஆளில்லை.

இந்த மனிதர்களை எழுதியவர்கள் உண்டு. 1971இல் தோமாஸ் ரிவேரா ஸ்பானிஷில், 1995இல் எலேனா மரியா விராமோன்டெஸ், 1997இல் பிரான்சிஸ்கோ ஹிமெனெஸ். புலம்பெயர் கூலிக் குடும்பங்களை அருகிலிருந்து அறிந்தவர்கள். ரிவேராவும் ஹிமெனெஸும் சிறுவயதில் தாங்களே வயலில் நின்றவர்கள். அவர்கள் எழுத்தில் அப்பா, அம்மா, தம்பி தங்கைகள், பாதியில் நின்ற பள்ளிக்கூடம் எல்லாம் இருக்கும். எட்டுப் பேர் படுக்கும் வீட்டில் தனியாக வந்த ஒப்பந்த ஆள் பெரும்பாலும் இருக்க மாட்டார். ஸ்டைன்பெக்கால் எப்போது வேண்டுமானாலும் மூட்டையைக் கீழே வைத்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்குத் திரும்ப முடிந்தது. நாய்க்குட்டி டோபி ‘ஆஃப் மைஸ் அண்ட் மென்’ கையெழுத்துப் பிரதியில் பாதியைக் கடித்துக் குதறியபோது இரண்டு மாத உழைப்பு போயிற்றே என்று வருந்தி, மறுபடி உட்கார்ந்து எழுதவும் அவகாசம் இருந்தது. ஸ்ப்ரெக்கல்ஸில் படுத்திருப்பவர் சூபர்வைசர்மேல் ஒரு புகார் எழுதுவதற்கே இரண்டு தரம் யோசிக்க வேண்டும்.

அவருடைய ஒப்பந்தம் பெரும்பாலும் பத்து மாதத்துக்கு உட்பட்டது. நவம்பரில் சலீனாஸில் லெட்டூஸ் முடிந்ததும் வேலை அரிசோனாவின் யூமாவுக்குப் போய்விடும். இயந்திரங்கள் லாரியில், ஆட்கள் பஸ்ஸில். ஒப்பந்தம் நீடிப்பவர்கள் கூடப் போகிறார்கள். மற்றவர்கள் ஊருக்குப் போய்க் கிறிஸ்துமஸ் முடித்து, வீட்டுக்கு விட்டுப்போன ஜன்னலோ படிக்கட்டோ வைத்துவிட்டு, அடுத்த சீசனுக்குப் பெயர் கொடுக்க ஆள்பிடிப்பவரைப் பார்க்கப் போகிறார்கள்.